ஜவ்வு கிழிசல் என்றதும் ஆபரேஷனா?

கேள்வி: எனக்கு வயது 54. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. ஐந்து மாதமாக வலது தோளில் வலி. தலை சீவவோ, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொக்கி மாட்டவோ முடியவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடிவதில்லை. எம்ஆர்ஐயில் ‘ஜவ்வில் பகுதிக் கிழிசல்’ என்று வந்திருக்கிறது. சாவித்துளை ஆபரேஷன் உடனே செய்யாவிட்டால் கை விளங்காமல் போய்விடும், இன்சூரன்ஸ் இருப்பதால் ஒரு பைசா செலவில்லை என்கிறார்கள். அடுத்த வாரம் தேதி கொடுத்துவிட்டார்கள். செய்துகொள்ளலாமா டாக்டர்?

பதில்: முதலில் அந்தத் தேதியைத் தள்ளிப் போடுங்கள் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஃப்ரோசன் ஷோல்டர் மாதிரிதான் தெரிகிறது. 40 முதல் 60 வயதுக்குள், அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருவது இது. மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. உள்ளே எலும்பு நன்றாகத்தான் இருக்கும், அசைய இடம்தான் இருக்காது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, முன்னங்கைகள் நேராக முன்னால் நீட்டியிருக்கும்படி மடக்குங்கள். முழங்கையை விலாவிலிருந்து எடுக்காமல் கைகளை வெளிப்பக்கம் விரியுங்கள். இடது கை அளவுக்கு வலது கை விரியவில்லையா? உங்கள் மகளையோ வீட்டுக்காரரையோ மெதுவாக விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் முயன்றும், தாழ் போட்ட கதவு மாதிரி ஓரிடத்தில் நின்றுவிட்டால் இறுகியிருப்பது உறை. ஜவ்வு பெரிதாகக் கிழிந்தவர்களுக்குப் பெரும்பாலும் இப்படி இருக்காது. தானாகத் தூக்க வராது, அடுத்தவர் தூக்கிவிட்டால் கை மேலே போகும்.

அப்படியானால் எம்ஆர்ஐ பொய்யா? பொய்யில்லை. வயது ஏற ஏற ஜவ்வு நைந்து போவது சகஜம். வலியே இல்லாதவர் தோளைப் படம் எடுத்தாலும் கிழிசல் தெரிவதுண்டு. இறுகிய தோளில் போய் அந்தச் சின்னக் கிழிசலைத் தைத்தால், அப்புறம் வாரக்கணக்கில் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் போட்டு அசைக்காமல் வைக்க வேண்டும். இறுக்கம் இன்னும் கூடும்.

இப்போது ‘ஒரு பைசா செலவில்லை’ பேச்சுக்கு வருகிறேன். இதைச் சொன்னது டாக்டரா, இன்சூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்திருந்தவரா? ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வருவதற்குள் ‘நமக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி இருக்கு, எல்லாம் பேசித் தர்றேன்’ என்று ஒருவர் பக்கத்தில் வந்து நின்றாரா? அவருடைய கமிஷன் உங்கள் தோளிலிருந்துதான் போகிறது. கையிலிருந்து காசு போகாவிட்டாலும் அந்த வருடத்து இன்சூரன்ஸ் தொகையில் கழியும்; நாளைக்கு நெஞ்சுவலி என்று போனால் மிச்சம் என்ன இருக்கும் என்று அவர் சொல்ல மாட்டார். கை விளங்காமல் போய்விடும் என்பது வெறும் மிரட்டல். ஃப்ரோசன் ஷோல்டர் பக்கவாதம் அல்ல.

இன்சூரன்ஸ்காரர்களைச் சொல்லாமல் விட முடியவில்லை. கட்டிலில் ஒரு நாள் படுத்தால் லட்சக்கணக்கில் தருவார்கள். நடந்து வந்து மூன்று மாதம் பிசியோதெரபி செய்தால் பெரும்பாலான பாலிசிகளில் சல்லிக்காசு கிடையாது. பிறகு ஏன் எல்லோரும் ஆபரேஷனுக்கே ஓடுகிறார்கள் என்று கேட்டால்?

எண்ணெய் போட்டு நீவி இழுத்துவிடுகிறவரிடமும் போகாதீர்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் வலிதான் ஏறும். சில பிசியோதெரபி மையங்களிலும் இதே கூத்து நடக்கிறது.

முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். இந்த வலி ஆரம்பித்தது வலிப்பு வந்த பிறகா, மோட்டார் சுவிட்சிலோ கிரைண்டரிலோ கரண்ட் அடித்த பிறகா? அப்படியானால் பந்துமூட்டு பின்பக்கமாக நழுவியிருக்கலாம். அப்போதும் கை இதே மாதிரி வெளிப்பக்கம் விரியாது. முன்பக்கமிருந்து மட்டும் எடுத்த எக்ஸ்ரேயில் பார்ப்பதற்கு ஏறக்குறைய சரியாகவே தெரியும், தப்பிவிடும். மாதக்கணக்கில் ஒத்தடம் கொடுத்துவிட்டு வருபவர்கள் உண்டு. கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, அக்குள் வழியாக ஒரு படம் எடுத்தால் உடனே தெரிந்துவிடும். எம்ஆர்ஐக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் இந்த ஒரு எக்ஸ்ரேயை எடுத்தார்களா என்று பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி. ‘எலும்பு உருகிவிடும்’ என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். ஒரு ஊசியில் எதுவும் உருகாது. ஆனால் சர்க்கரை சில நாள் ஏறும், ஒரு வாரம் தினமும் பாருங்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரை அதிகமாக இருந்தால் முதலில் அதைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். தைராய்டும் பார்த்துவிடுவது நல்லது.

வலி தணிந்ததும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் பயிற்சி. சுவரில் விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறுங்கள். ஒரு குச்சியை இரு கையிலும் பிடித்து, இடது கையால் வலது கையை வெளிப்பக்கம் தள்ளுங்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். ஐந்து நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை போதும். முழுதாக இளக ஒன்றிரண்டு வருடம்கூட ஆகலாம், ஆனால் ராத்திரித் தூக்கம் அதற்கு வெகு முன்பே திரும்பும். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் கை அப்படியே நின்றால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். அதுவும் உறையைத் தளர்த்துவதற்கு.

சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில சமயம் மறு தோளிலும் இது வரும். இடது பக்கம் வலி ஆரம்பித்தால் முதல் மாதமே காட்டிவிடுங்கள். ஊசி நன்றாகக் கேட்பது அப்போதுதான்.