1945 சேப்பாக்கம் வெற்றி டெஸ்ட் கணக்கில் வருமா?

கேள்வி: கல்லூரி விநாடி வினாவுக்காக டெஸ்ட் வரலாற்றைத் தொகுத்து வருகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்த முதல் டெஸ்ட் எது? பழைய நூல்களும் புதிய பட்டியல்களும் முரண்படுகின்றன. 1945 டிசம்பரில் சென்னையில் ஆஸ்திரேலியர்களை இந்தியா வென்றதைச் சேர்க்கலாமா?

பதில்: சென்னை வெற்றியைச் சேர்க்க இயலாது. ரூசி மோடி 203 ரன் குவிக்க, விஜய் மெர்ச்சன்ட் தலைமையில் இந்தியா 6 விக்கெட் வித்தியாசத்தில் வென்ற அருமையான ஆட்டம் அது. ஆனால் எதிரே ஆடியது ஆஸ்திரேலியப் படைவீரர்களைக் கொண்ட அணியே தவிர, அந்நாட்டு வாரியம் தேர்ந்தெடுத்த தேசிய அணி அன்று. டெஸ்ட் அந்தஸ்தைத் தருவது ஆட்டத்தின் தரமன்று, வாரியங்களின் ஒப்புதலே. அதே படைவீரர் அணி அவ்வாண்டு இங்கிலாந்துடன், போர் வெற்றியைக் கொண்டாடும் வகையில் நடந்த ஐந்து ‘வெற்றி டெஸ்ட்’ ஆட்டங்களில் 2-2 எனச் சமன் செய்தபோதும், அதில் போருக்கு முன் டெஸ்ட் ஆடியிருந்தவர் லிண்ட்சே ஹாசெட் ஒருவரே. அத்தொடரில் அவ்வணியின் கீத் மில்லர் எடுத்த 443 ரன்கள் இன்றும் முதல்தர கிரிக்கெட் கணக்கில் மட்டுமே உள்ளன. அவருக்கு இது பெரும் இழப்பு என்றே கருதுகிறேன்.

போருக்கு முந்தைய கடைசி டெஸ்ட், 1939 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடி டிராவில் முடிந்தது. எஞ்சிய ஆட்டங்களைக் கைவிட்டு மேற்கிந்திய வீரர்கள் கப்பலேறினர்.

அடுத்த டெஸ்ட், 1946 மார்ச் 29, 30 தேதிகளில் வெல்லிங்டனில் நடந்தது. நியூசிலாந்து 42, 54 ரன்களில் சுருண்டு, ஆஸ்திரேலியாவிடம் இன்னிங்ஸ் மற்றும் 103 ரன் வித்தியாசத்தில் தோற்றது. நீங்கள் கண்ட முரண்பாட்டுக்குக் காரணம் இதுதான்: ஆடியபோது அது டெஸ்டாகக் கருதப்படவில்லை, 1948-இல்தான் அந்த அந்தஸ்து வழங்கப்பட்டது. எனவே அதற்கு முன் அச்சான நூல்களில் 1946 ஜூனில் லார்ட்ஸில் தொடங்கிய இங்கிலாந்து-இந்தியா டெஸ்டே முதலாவதாக இருக்கும். உங்கள் நூல் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறது என்பதை அறிய, ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் பில் ஓ'ரைலியின் டெஸ்ட் விக்கெட்டுகளைப் பாருங்கள். வெல்லிங்டனில் அவர் எடுத்த எட்டைச் சேர்த்தால் 144, விட்டால் 136.

வினாவில் ‘டெஸ்ட்’ என்று மட்டும் எழுதாமல் ‘அதிகாரபூர்வ டெஸ்ட்’ என எழுதுங்கள். அக்கணக்கில் இந்தியாவின் முதல் வெற்றி, 1952 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக, அதே சேப்பாக்கத்தில் கிடைத்தது.