கிணற்றைத் தூர்த்தது யார்?

கேள்வி: நான் காரைக்குடியைச் சேர்ந்தவன், வயது 24. கடல் வணிகம் செய்யும் ஏழு தீவுகளைக் கொண்ட ஒரு கற்பனை உலகத்தை மூன்று ஆண்டுகள் உழைத்து உருவாக்கினேன். பலரும் கதாபாத்திரங்களாகச் சேர்ந்து எழுதி விளையாடுவதற்காக டிஸ்கார்ட் என்ற இணைய உரையாடல் தளத்தில் ஒரு சர்வர் (குழு) தொடங்கினேன். 86 பக்க வரலாறும் முழுமையான வரைபடமும் இருக்கின்றன. நாற்பது பேர் சேர்ந்தார்கள். இன்று நான்கு பேர்கூடப் பேசுவதில்லை. தேவகோட்டைப் பெண் ஒருவர் மட்டும் ஆர்வமாக எழுதினார். அவர் தன் பாத்திரத்தின் வீட்டுப் பின்கட்டில் ஒரு கிணறு வைத்திருந்தார். வரைபடத்தில் அந்த இடத்தில் கிணறு இல்லாததால் அதை நீக்கினேன். இப்போது அவரும் வருவதில்லை. எப்படி விளம்பரம் செய்தால் ஆட்கள் வருவார்கள்?

பதில்: தம்பி, ஆட்கள் வந்தார்கள். நாற்பது பேர் உங்கள் வாசல் வரைக்கும் வந்து, உட்கார இடமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். ஆகவே விளம்பரத்தைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதப் போவதில்லை. கடிதத்தில் நீங்கள் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிட்ட அந்தக் கிணற்றைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

மழை பொய்க்கும் சீமை நம்முடையது. கூரையில் விழும் மழைநீரையும் வீணாக்காமல் வளவு முற்றத்தில் பிடித்துவைத்த வீடுகளும், ஊர்தோறும் வெட்டிவைத்த ஊருணிகளும் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன. இப்படிப்பட்ட மண்ணில் பிறந்த ஒரு பெண், நீங்கள் படைத்த உலகத்துக்குள் வந்து முதல் வேலையாகத் தண்ணீருக்கு வழி செய்திருக்கிறார். அதைத் தூர்க்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

நகரத்தார் வீடுகளில் ‘வேறு வைப்பது’ என்று ஒரு வழக்கம் இருந்ததை உங்கள் அப்பத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். மகனுக்குத் திருமணம் முடிந்ததும், அதே கூரையின் கீழ் அந்தத் தம்பதிக்குத் தனி அடுப்பும் பாத்திரமும் அரிசி பருப்பும் கொடுத்து, தனியே சமைத்துக் குடித்தனம் நடத்தச் செய்வார்கள். அதன்பின் அவர்கள் ஒரு ‘புள்ளி’, அதாவது தனிக் குடும்பம். ஊர்க் கணக்கிலும் கோயில் கணக்கிலும் அவர்களுக்கென்று ஓர் இடம் உண்டு. என்னை வேறு வைத்தபோது வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓர் அடுப்பும் ஒரு வெண்கலப் பானையும் கொடுத்தார்கள். பத்தடி தள்ளித் தன் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த என் மாமியார், நான் வைத்த குழம்பின் மூடியை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. உப்புக் கூடிய நாள்களிலும்தான். அந்த வீட்டை என் வீடு என்று நான் எண்ணத் தொடங்கியது அதனால்தான். பிரித்துக் கொடுக்க மனம் வராத பெரியவர்களின் வீடுகளில் பிள்ளைகள் தங்குவதில்லை என்பதையும் எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஒருவரை வரச் சொன்ன பிறகு அவருக்கென்று ஓர் அடுப்பு மூட்டிக் கொடுப்பது அழைத்தவரின் கடமை. அந்தக் கடமையில் நீங்கள் தவறிவிட்டீர்கள்.

இணையத்தில் கூடி விளையாடுவதும் நேற்று முளைத்ததன்று. 1978-இல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்களான ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுத்தாலேயே ஆன ‘மட்’ என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். 1989-இல் ஜேம்ஸ் ஆஸ்ப்னெஸ் உருவாக்கிய ‘டைனிமட்’, சண்டையை ஒதுக்கிவைத்துவிட்டு, விளையாட வந்தவர்களே அறைகளையும் பொருள்களையும் கட்டிக்கொள்ள அனுமதித்தது. சில மாதங்களுக்குள் அவர்கள் கட்டிய அறைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. ஒன்றோடொன்று ஒட்டாத அறைகளும் அவற்றில் இருந்திருக்கும். அதனால் பொது விதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பருவக்காற்று எப்போது திரும்பும், மந்திரம் உண்டா இல்லையா, இன்னொருவரின் பாத்திரத்தை அவர் சம்மதமின்றிக் கொல்லலாமா என்பன போன்ற ஐந்தாறு விதிகளை எல்லாரும் கூடி முடிவு செய்யுங்கள். பின்கட்டுக் கிணறு அந்த வரிசையில் வராது.

86 பக்கங்களை ஒரு பக்கமாகச் சுருக்குங்கள். மற்றவற்றை வேண்டியவர் தேடிப் படித்துக்கொள்ளட்டும். ஏழு தீவுகளில் நான்கின் வரைபடத்தை அழித்துவிட்டு வெறுமையாக வையுங்கள். அது வலிக்கும் என்று எனக்குத் தெரியும்; ஆயினும் நிறைந்த வரைபடத்தில் புதியவர் செய்வதற்கு என்ன இருக்கிறது? ஒருவர் வந்து முதல் வரி எழுதினால், அன்றைக்கே உங்கள் பாத்திரம் ஒன்றை அனுப்பி, அவரோடு ஒரு காட்சியை முழுதாக எழுதி முடியுங்கள். பதிலின்றி மூன்று நாள் கிடக்கும் வரியை எழுதியவர் நான்காம் நாள் வரமாட்டார். நாற்பது பேரைத் தேடி அலையாமல், இப்போது எஞ்சியிருப்பவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசி, ஆளுக்கொரு தீவைப் பொறுப்பாகக் கொடுங்கள். கொடுத்த பிறகு மூடியைத் திறந்து பார்க்காதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இன்றே அந்தத் தேவகோட்டைப் பெண்ணுக்கு எழுதுங்கள். வரைபடத்தைக் காரணம் காட்டாமல், செய்தது தவறு என்று நேராகச் சொல்லிக் கிணற்றைத் திருப்பி வைத்துவிட்டு, அதை வெட்டியது யார், நீர் நல்ல நீரா உப்பு நீரா, எந்தெந்த வீட்டார் இறைக்க வருவார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை வரலாற்றில் அவர் பெயராலேயே சேருங்கள். பதில் வராமல் போனாலும் மறுபடி அதைத் தூர்த்துவிடாதீர்கள். அடுத்து வருபவரின் முதல் காட்சி அந்தக் கிணற்றடியில் தொடங்கட்டும்.