அப்பாவின் சத்திரசிகிச்சைக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை நடத்துகிறேன். அப்பாவுக்கு 63 வயது, நீரிழிவும் உண்டு. குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். அரச வைத்தியசாலையில் நான்கு மாதம் கழித்துத்தான் திகதி கொடுத்திருக்கிறார்கள். தனியாரில் அடுத்த கிழமையே செய்யலாம், மூன்றரை இலட்சம் முடியும் என்கிறார்கள். கையில் காசில்லை, நகை இருக்கிறது. "எல்லாம் அரசாங்கத்தின் ஏகபோகமாக இருப்பதால்தான் இந்த இழுபறி. தனியாருக்கு விட்டால் போட்டி வந்து விலை தானாக இறங்கும்" என்கிறார் அத்தான். நகையை அடகு வைக்கவா? அப்பாவுக்குக் காப்புறுதி எடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, காசுக்கு முன் ஒரு விஷயம். நான்கு மாதம் பொறுக்கலாமா என்று சொல்ல வேண்டியவர் அப்பாவைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர். அவரிடம் நேராகக் கேளுங்கள். இடையில் அந்த வீக்கம் உள்ளே போகாமல் இறுகி நின்று, வலியும் வாந்தியும் வந்தால் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. அவசரமாக வருபவரை நான்கு மாத வரிசையில் நிறுத்த மாட்டார்கள்.

பொறுக்கலாம் என்று அவர் சொன்னால் நகையைத் தொடாதீர்கள். மூன்றரை இலட்சத்துக்கு மாதம் ஒன்றரை வீதம் வட்டி என்று வைத்தாலும் மாதம் 5,250 ரூபாய். வருடத்துக்கு 63,000. அதைக் கட்டி முடித்த பிறகும் முதல் அப்படியே நிற்கும். மூன்றரை இலட்சம் என்பதும் வாயால் சொன்ன கணக்குத்தான். நீரிழிவு உள்ளவருக்குப் புண் ஆறப் பிந்தி இரண்டு நாள் கூட நின்றால் பில் ஏறும். மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போன நகைகளைப் பற்றி என்னிடம் வந்து அழுதவர்கள் நிறையப் பேர்.

அத்தானின் பேச்சுக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும், உங்கள் முடிவை அதுதான் இழுக்கிறது. உங்கள் கடையில் அரிசி விலை கூடினால் சனம் அடுத்த கடைக்குப் போகும், அங்கே போட்டி வேலை செய்யும். சத்திரசிகிச்சைக் கட்டிலில் கிடப்பவர் எழுந்து அடுத்த இடத்தில் விலை விசாரிப்பாரா? பகலில் அரச வைத்தியசாலையில் வேலை செய்யும் நிபுணரே பின்னேரம் தனியாரில் நோயாளி பார்ப்பது இந்த நாட்டில் வழமை. இரண்டு வாசலுக்குள்ளும் ஒரே ஆள் என்றால் போட்டி யாருக்கும் யாருக்கும்? பக்கத்தில் இலவசமாக ஒரு வைத்தியசாலை இருப்பதுதான் தனியாரின் விலைக்கு ஓரளவு கடிவாளம் என்பது என் கணிப்பு.

ஏகபோகம் அரசாங்கத்திடம் மட்டும் இருப்பதும் இல்லை. என் மாமியின் பிரஷர் மருந்துக்குப் பாமசிக்குப் போனேன். லொசார்ட்டன் அட்டை இரண்டைக் கண்ணாடி மேசையில் வைத்தார்கள். மருந்தும் ஒன்று, மில்லிகிராமும் ஒன்று, பெயர் மட்டும் வேறு. ஒன்றின் விலை மற்றதைப்போல மூன்று மடங்கு. இலங்கையின் மருந்துக் கொள்கையை வகுத்த பேராசிரியர் சேனக பிபிலே எதிர்த்து நின்றது இதைத்தான். 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் மருந்து இறக்குமதியைத் தன் கையில் எடுத்து, கம்பனிப் பெயரைப் பாராமல் மருந்தின் பொதுப்பெயரில் கேள்விமனு கோரி வாங்கியது. அதுவும் ஏகபோகம்தான், ஆனால் வாங்குபவரின் ஏகபோகம், விலையைக் குறைப்பதற்கானது. 1977க்குப் பிறகு இறக்குமதியைத் தனியாருக்கும் திறந்துவிட்டார்கள். பிறகு 2016இல் 48 மருந்துகளுக்கு அரசாங்கமே உச்ச விலை விதிக்க வேண்டி வந்தது. ஆகவே வைத்தியரிடம் பொதுப்பெயரில் எழுதித் தரக் கேளுங்கள். பாமசியில் அதே மருந்தின் விலை குறைந்த அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

அத்தான் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது அரச வைத்தியசாலைகளில் மருந்து இல்லை, துண்டில் எழுதி வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். அடுத்த வருடம் இமியூனோகுளோபியூலின் என்ற நோயெதிர்ப்பு ஊசிமருந்தைத் தரமற்றதாக வாங்கிய விவகாரம் வெடித்து, முன்னாள் சுகாதார அமைச்சரே 2024இல் கைதானார். கேட்பாரில்லாத இடத்தில் அரசாங்கமும் நோயாளியைக் கைவிடும், அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அதற்குக் கணக்குக் கேட்க வேண்டும். அதற்காக அந்தக் கதவைச் சாத்திவிட்டால் உங்களைப் போன்றவர்களுக்குப் போக வேறு கதவு இல்லை.

காப்புறுதி இப்போது அப்பாவுக்கு உதவாது. ஏற்கெனவே உள்ள நோயைப் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள், காத்திருப்புக் காலமும் உண்டு. உங்களுக்கு எடுக்கலாம். முகவர் சொல்வதை மட்டும் கேட்காமல், எதற்கெல்லாம் தர மாட்டோம் என்ற பகுதியைக் கையெழுத்துக்கு முன் வாசியுங்கள்.

வட்டியாகப் போகவிருந்த அந்த 5,250 ரூபாயை மாதாமாதம் வேறு கணக்கில் போடுங்கள். திகதி வரும்போது 21,000 இருக்கும். வெளியே எடுக்கச் சொல்லும் இரத்தப் பரிசோதனை, கையிருப்பில் இல்லாத மருந்து, வான் கூலி, கூட நிற்பவரின் சாப்பாடு, இவற்றுக்குத்தான் அரச வைத்தியசாலையிலும் கையில் காசு வேண்டும்.

அடுத்த கிளினிக் நாளில் கடையை அரைநாள் பூட்டிவிட்டு அப்பாவோடு நீங்களும் போங்கள். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ முந்திய திகதி கிடைக்குமா, கடிதம் தருவீர்களா என்று கேளுங்கள். யாராவது வராமல் விட்டால் கூப்பிடச் சொல்லி உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதுவரை அப்பாவின் சீனியைக் கட்டுக்குள் வைத்திருங்கள். சத்திரசிகிச்சை அன்று காலையில் சீனி கூடி நின்றால் அந்தத் திகதியும் தள்ளிப்போகலாம்.