பத்து வயதைக் கடந்த ட்ரை ரீஸ்லிங் ஒயினில் மண்ணெண்ணெய் வாடை வருகிறது. கெட்டுப்போய்விட்டதா?

நண்பர் பரிசளித்த 2013-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியக் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்கைத் திறந்ததும் மண்ணெண்ணெய் போன்ற வாடை எழுந்ததாகவும், கெட்டுவிட்டதென்று எண்ணிக் கொட்டிவிட நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ட்ரை எனப்படும் இனிப்பே இல்லாத ஒரு வெள்ளை ஒயினை இத்தனை ஆண்டுகள் பாதுகாத்து வைப்பதில் அப்படி என்ன கிடைக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். திருகு மூடியை இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாராளமாகத் தாங்கும். அதற்குள் இதைப் படித்துவிட்டு மறுபடியும் ஒரு கோப்பை ஊற்றிப் பாருங்கள்.

அந்த வாடை உங்கள் கற்பனை அன்று. கெட்டுப்போனதற்கான அடையாளமும் அன்று. ரீஸ்லிங் திராட்சையின் தோலில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் சிதைவதால் சில சேர்மங்கள் உண்டாகின்றன. புதிய ஒயினில் அவை பெரும்பாலும் சர்க்கரையோடு பிணைந்து மணமற்றுக் கிடக்கும். பாட்டிலுக்குள் ஒயினின் அமிலமே ஆண்டுக்கணக்கில் அந்தப் பிணைப்பை மெல்ல மெல்ல அவிழ்க்க, டி.டி.என். என்று சுருக்கி அழைக்கப்படும் ஒரு பொருள் வெளிப்படுகிறது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். மற்றத் திராட்சைகளைவிட ரீஸ்லிங்கில் இதற்கான மூலப்பொருள் அதிகம் என்பதால், இந்த வாடை அந்தத் திராட்சையின் கையொப்பம் போலவே ஆகிவிட்டது. கொடியில் இருக்கும்போது குலைகள் மேல் வெயில் நேராக விழுந்திருந்தால் இது இன்னும் கூடும். ஆகவே ஜெர்மனியின் மோசெல் போன்ற குளிர்ந்த இடத்து ஒயினில் நெடுநாள் கழித்து மெலிதாக வருவது, தெற்கு ஆஸ்திரேலியாவில் சற்று முன்னதாகவும் அழுத்தமாகவும் வருகிறது.

நான் அடிலெய்டில் வசிக்கிறேன். கிளேர் பள்ளத்தாக்கு அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 400, 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் நல்ல வெயில் அடித்தாலும் இரவில் சட்டென்று குளிர்ந்துவிடுவதால் பழத்தின் புளிப்பு கரையாமல் நிற்கிறது. அதன் தென்பகுதியில் உள்ள வாட்டர்வேல் என்ற சிற்றூரில், செம்மண்ணும் அடியில் சுண்ணாம்புக்கல்லுமான நிலத்தில் விளைந்த 2012-ஆம் ஆண்டு ரீஸ்லிங்கில் ஒரு பெட்டி, அதாவது பன்னிரண்டு பாட்டில்கள், அந்த ஆண்டின் வசந்த காலத்தில் வாங்கினேன். மழை கொட்டித் தீர்த்த 2011-க்குப் பிறகு வந்த அருமையான அறுவடை அது. ஒரே ஒயினை ஆண்டுகள் நெடுகிலும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே பெட்டியாக வாங்கினேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் உள்ள விடை அந்தப் பெட்டியிலிருந்து கிடைத்ததுதான்.

வாங்கிய வாரமே திறந்த முதல் பாட்டில் தண்ணீர் போல வெளிறி, ஓரத்தில் மட்டும் பச்சைச் சாயல் காட்டியது. நகத்தால் கீறிய எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், ஏதோ ஒரு வெள்ளைப் பூ என்று மணம் துள்ளிக்கொண்டு வந்தது. வாயில் வைத்ததும் புளிப்பு பல் கூசும்படி நேராக இறங்கியது. அந்தப் புளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒயினின் புளிப்பை எல்லோரும் எலுமிச்சையோடு ஒப்பிடுகிறார்கள்; ஆனால் எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம். திராட்சையில் மேலோங்கி நிற்பது டார்டாரிக் அமிலம், அதாவது நம் வீட்டுப் புளியில் இருக்கும் அதே அமிலம். அதனோடு பச்சை ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலமும் சேர்ந்திருக்கும். பழைய ரீஸ்லிங் பாட்டிலின் அடியில் சில நேரம் கண்ணாடித் தூள் போலப் படிந்திருக்கும் படிகங்களும் இந்த டார்டாரிக் அமிலத்தின் உப்புதான். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஒயின் வயதாவதில் நடப்பது என்ன என்பதற்கு இந்தப் புளிப்பே திறவுகோல் என்று நான் கருதுகிறேன். பத்து ஆண்டுகளில் நிறம் மாறுகிறது, மணம் அடியோடு மாறுகிறது, பூ மணத்துக்குக் காரணமான லினலூல் போன்ற பொருள்கள் வேறொன்றாக உருமாறி மங்குகின்றன, புதிய ஒயினுக்கே உரிய பழ வாசனை தரும் எஸ்டர்கள் சிதைகின்றன. அமிலத்தின் அளவு மட்டும் ஏறக்குறைய முதல் நாள் இருந்தபடியே இருக்கிறது. வீட்டுக்கு உத்தரம் போல அது நிற்க, அதன்மேல் வேய்ந்தவை எல்லாம் மாறுகின்றன. புளிப்பு குறைவான வெள்ளை ஒயின்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் தளர்ந்து போவதும், நல்ல ரீஸ்லிங் இருபது ஆண்டுகளையும் கடந்து நிற்பதும் பெரிதும் இதனால்தான்.

2015-இலும் 2016-இலும் திறந்த பாட்டில்கள் எனக்கு ஏமாற்றமாக இருந்தன. எலுமிச்சையின் துள்ளல் அடங்கிவிட்டது. அதன் இடத்தில் வேறெதுவும் வரவில்லை. மூக்கை எவ்வளவு நேரம் கோப்பைக்குள் வைத்திருந்தாலும் ஈரக் கல்லின் மணம் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. வாயில் புளிப்பு மட்டும் தனியே நின்றது. பூப்பெய்தும் வயதில் வாய் பேசாமல் இருக்கும் பிள்ளைகளைப் போல இந்தத் திராட்சைக்கும் ஒரு ஊமைப் பருவம் உண்டு என்று ஒயின் செய்பவர்கள் சொல்வார்கள். எல்லா ஒயினுக்கும் இது வருவதில்லை, வரும் ஆண்டும் ஒன்று போல இருப்பதில்லை. ஆனாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரையிலான ரீஸ்லிங்கைத் திறந்துவிட்டு இவ்வளவுதானா என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு.

2018-இல் முதல் அறிகுறி தெரிந்தது. கோப்பையில் ஊற்றியதும் வெண்ணெய் தடவாமல் சுட்ட ரொட்டியின் மணம். இந்த ஒயின் மரப்பீப்பாயைக் கண்டதே இல்லை. எஃகுத் தொட்டியில் நொதித்து நேராகப் பாட்டிலுக்கு வந்தது. பீப்பாயில் வைத்த ஒயின்களில் வரும் வறுத்த மணத்தை ஒத்த இது, முழுக்க முழுக்கப் பாட்டிலுக்குள் காலம் செய்த வேலை. இரண்டு ஆண்டு கழித்துத் தேன் மெழுகும், அதற்குப் பின்னால் மெலிதாக மண்ணெண்ணெயும் வந்து சேர்ந்தன.

பத்து வயது நிறைந்த 2022-இல் திறந்த பாட்டிலைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நிறம் வெளிறிய பொன். ஆனால் அந்தப் பச்சைச் சாயல் இன்னும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊற்றியதும் முதலில் வந்தது உங்களுக்கு வந்த அதே மண்ணெண்ணெய் வாடைதான். பம்ப் ஸ்டவ்வில் எரிந்து கரியும் மண்ணெண்ணெய் அன்று. மூடியைத் திறந்த தகர டின்னின் வாயில் வீசும் சுத்தமான மண்ணெண்ணெய். கோப்பையை அப்படியே மேசையில் வைத்துவிட்டு இருபது நிமிடம் கழித்து எடுத்தேன். வாடை பின்னுக்குப் போய், முன்னால் வந்து நின்றது உப்பு நார்த்தங்காய். சுருளாக அரிந்து, உப்புத் திணித்து, வெயிலில் உலர்த்தி, ஜாடியில் ஆண்டுக்கணக்கில் கிடந்து கறுத்துப் போன நார்த்தங்காயின் மணம்: புளிப்பும் மெல்லிய கசப்பும் தோல் எண்ணெயும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, எதுவும் தனியே துருத்தாமல் இருக்கும் அந்த மணம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதை எலுமிச்சை மர்மலேட் என்பார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை, ஏனென்றால் மர்மலேடில் சர்க்கரை இருக்கிறது, இந்த ஒயினில் இல்லை. பத்து ஆண்டுக்கு முன் கீறிய பச்சை எலுமிச்சைத் தோலாக இருந்தது, வெளியிலிருந்து ஒரு துளி எதுவும் சேராமலே நார்த்தங்காயாகக் கனிந்திருந்தது. வாயில் புளிப்பு அதே அளவில்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் பல் கூசவில்லை. நாக்கின் நடுவில் எண்ணெய்ப் பதமான ஒரு கனம் சேர்ந்திருந்தது. விழுங்கிய பிறகும் நெடுநேரம் சுவை அடங்கவில்லை.

இனித்ததா என்றால், இல்லை. வயதான ட்ரை ரீஸ்லிங் இனிப்பது போலத் தோன்றுவதற்குக் காரணம் தேன் மணம் மூக்கு வழியே நாக்கை நம்பவைப்பதுதான். சர்க்கரை ஒரு கிராமும் கூடுவதில்லை. இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ரீஸ்லிங் என்று எழுதியிருப்பதெல்லாம் ட்ரை ஆகிவிடாது. ஜெர்மன் பாட்டிலில் ட்ராக்கன் என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருந்தால் சர்க்கரை லிட்டருக்கு 9 கிராமைத் தாண்டாது. ஆஸ்திரேலியாவில் மிகப் பழைய பாட்டில் ஏதேனும் கைக்கு வந்தால் பெயரை நன்றாகப் படியுங்கள். அந்நாளில் ஹண்டர் ரிவர் ரீஸ்லிங் என்று விற்றது உண்மையில் செமியோன். கிளேர் ரீஸ்லிங் என்று விற்றது குரூஷான் என்ற வேறொரு திராட்சை. உண்மையான ரீஸ்லிங்குக்கு அப்போது ரைன் ரீஸ்லிங் என்று பெயர்.

மண்ணெண்ணெய் வாடை எப்போதும் நல்லதா என்றால், அதுவும் இல்லை. அது எப்போது வருகிறது, யாரோடு வருகிறது என்பதே கேள்வி. என் பெட்டியில் இரண்டு பாட்டில்களை, இடம் போதாமல், சமையலறையை ஒட்டிய அலமாரியில் வைத்திருந்தேன். அடிலெய்டுக் கோடையில் 40 பாகையைத் தாண்டும் நாள்கள் உண்டு. 2019-இல் அவற்றில் ஒன்றையும், 14 பாகையில் வைத்திருந்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தேன். அலமாரியில் இருந்தது அடர்மஞ்சளாகி, மண்ணெண்ணெய் ஒன்றே மூக்கை அடைக்க, எலுமிச்சையும் இல்லாமல் நார்த்தங்காயும் இல்லாமல் வெறுமையாக இருந்தது. வெப்பம் அந்த வேதிவினையை விரட்டிவிட்டது. மற்ற மணங்கள் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. ஒரே தோட்டம், ஒரே நாள் அடைத்த ஒயின். இரண்டு வயதுப் புது ரீஸ்லிங்கிலேயே இந்த வாடை ஓங்கி வந்தாலும் நான் ஐயப்படுவேன். கொடியில் வெயிலும் வறட்சியும் வாட்டிய பழமாக இருக்கலாம். சில உற்பத்தியாளர்கள் இதைக் குறையாகவே கருதி, குலைகளுக்கு இலை நிழல் கிடைக்கும்படி கொடியைப் பேணுகிறார்கள்.

மூடியும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. கார்க் இந்த டி.டி.என்-இல் கணிசமான பகுதியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். திருகு மூடி உறிஞ்சாது. 1970-களிலேயே தெற்கு ஆஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கில் உள்ள பியூசி வேல் தோட்டத்தின் ரீஸ்லிங் திருகு மூடியோடு வந்தது, ஆனால் மக்கள் அதை மலிவுச் சரக்கின் அடையாளமாக நினைத்ததால் அம்முயற்சி நிலைக்கவில்லை. பின்னர் 2000-ஆம் ஆண்டு அறுவடையின்போது கிளேர் பள்ளத்தாக்கின் உற்பத்தியாளர்கள் பலர் ஒன்றுகூடித் தங்கள் ரீஸ்லிங்கைத் திருகு மூடியில் அடைத்தார்கள். கார்க்கின் பூஞ்சை வாடையும், ஒரே பெட்டியில் ஒரு பாட்டில் நன்றாக இருக்க அடுத்தது காற்றுப் புகுந்து பழுத்துப் போயிருப்பதும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. என் பன்னிரண்டு பாட்டில்களையும் நம்பி ஒப்பிட முடிந்தது அந்த முடிவால்தான். உங்கள் பாட்டிலில் ஈர அட்டைப்பெட்டி வாடையோ, வெட்டிவைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் வாடையோ வந்தால் அதுவே கெட்டதற்கான அறிகுறி.

காத்திருக்கப் பொறுமையோ குளிர்ந்த இடமோ இல்லாதவர்கள், உற்பத்தியாளரே வைத்திருந்து விற்கும் ஒயினைத் தேடலாம். பியூசி வேலின் கான்டூர்ஸ் என்ற ரீஸ்லிங் ஏறத்தாழ ஐந்து ஆண்டு கழித்தே கடைக்கு வருகிறது. பிரான்சின் அல்சாஸில் ட்ரிம்பாக் குடும்பத்தின் க்ளோ செயின்ட் ஊனும் அப்படியே, ஆனால் விலை மிக அதிகம்.

இனி உங்கள் 2013-க்கு வருவோம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் வெளியே வைத்து, 10 முதல் 12 பாகை வந்த பிறகு, அகன்ற கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். பனிபோலக் குளிர்ந்திருந்தால் புளிப்பும் மண்ணெண்ணெயும் மட்டுமே தெரியும். முதல் மோப்பத்தை நம்பாமல் இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். உடன் சாப்பிட, உப்பும் மிளகும் மட்டும் போட்டுப் பொரித்த கிங் ஜார்ஜ் வைட்டிங் மீன் எங்கள் வீட்டில் வழக்கம். காரக் குழம்பு இந்த மணங்களை மூடிவிடும். ஒரு கோப்பையளவு மீதம் வைத்து மறுநாளும் முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அப்போது எலுமிச்சையோ நார்த்தங்காயோ தெரிந்தால் அதே ஒயினில் வேறு பாட்டில் உங்களிடம் இருந்தால் அதை இன்னும் சில ஆண்டு வைக்கலாம். வெறும் புளிப்பு மட்டும் நின்றால் அதை இந்த ஆண்டுக்குள் குடித்துவிடுங்கள்.