சிங்கப்பூர் போகும் பெட்டியில் கசகசா வேண்டாம், ஆச்சி

கேள்வி: தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். மகளின் பேறுகாலத்துக்காக முதன்முறையாகச் சிங்கப்பூர் போகிறேன். திருச்சியில் விமானம் ஏறுகிறேன். நெய், நார்த்தங்காய் ஊறுகாய், வீட்டில் அரைத்த மசாலா, உப்புக்கண்டம், கொப்பரை, பிரசவ லேகியம், பலகாரம் எல்லாம் கொண்டுபோக ஆசை. எதைக் கையில் வைப்பது, எதைப் பெட்டியில் போடுவது?

பதில்: ஆச்சி, எல்லோரும் எடையைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் அந்த மசாலா டப்பாவைப் பாருங்கள். குருமாவுக்கு அரைத்த பொடியில் கசகசா சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால் அது வீட்டிலேயே இருக்கட்டும். அபினிச் செடியின் விதை என்பதால் சிங்கப்பூரில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அங்கே மிகக் கடுமையானது. வீட்டுச் சமையலுக்குத்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. துபாய்க்குப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கல்பாசி, மராட்டி மொக்கு, சோம்பு, மிளகாய் போட்டுப் புதிதாக அரைத்துக்கொள்ளுங்கள், குழம்பு மணக்கும். லேகியத்திலும் சிலர் கசகசா சேர்ப்பதுண்டு. கிண்டியவரிடம் கேட்டுவிடுங்கள். கடையில் வாங்கியதென்றால், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிட்ட லேபிளோடு, பிரிக்காத டப்பாவாகவே எடுத்துப்போங்கள்.

உப்புக்கண்டமும் வேண்டாம். காய்ந்தது, உப்புப் போட்டது என்றாலும் அது இறைச்சிதான். சிங்கப்பூர் அனுமதித்த சில நாடுகளின் இறைச்சியை மட்டுமே பயணிகள் கொண்டுவரலாம். நம் ஊர் ஆட்டுக்கறிக்கு அந்த அனுமதி இல்லை. மகளுக்கு ஆசையாக இருக்கும், தெரியும். ஊருக்கு வரும்போது சாப்பிடட்டும்.

கொப்பரை விஷயம் வேறு. அதைத் திருச்சியிலேயே எடுத்துவிடுவார்கள். எண்ணெய்ச்சத்து அதிகம் என்பதால் அடைபட்ட இடத்தில் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருளாக விமான விதிகள் அதைச் சேர்த்திருக்கின்றன. கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. பூஜைச் சாமானோடு சூடம், தீப்பெட்டி வைத்திருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

நெய், ஊறுகாய், லேகியம் மூன்றையும் செக்-இன் பெட்டியில், அதாவது விமான நிலையத்தில் எடைபோட்டு ஒப்படைக்கும் பெட்டியில் போடுங்கள். கைப்பையில் திரவமோ குழைவான பொருளோ ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். பெரிய பாட்டிலில் பாதிதான் இருக்கிறது என்றாலும் விடமாட்டார்கள், பாத்திரத்தின் அளவுதான் கணக்கு. கண்ணாடி ஜாடி வேண்டாம். திருகுமூடி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் கட்டி, பழைய துண்டில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். நெய் கசிந்தால் உள்ளே இருக்கும் கண்டாங்கிச் சேலை அத்தனையும் பாழ். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடைக்குத் தடையில்லை. நொறுங்காமலிருக்கக் கைப்பையில் வைப்பதே நல்லது. ஆனால் கைப்பை பெரும்பாலான விமானங்களில் 7 கிலோதான். செக்-இன் எடை டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும். சில மலிவு டிக்கெட்டுகளில் அது அறவே இருக்காது, தனியாகப் பணம் கட்ட வேண்டும். விமான நிலையத்தில் கட்டினால் அதிகம் ஆகும், வீட்டிலிருந்தே ஆன்லைனில் கட்டிவிடுங்கள்.

பவர் பேங்க் இருந்தால் நேர்மாறு: கையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. அதன் மேல் 20,000 எம்ஏஎச் (mAh) என்று போட்டிருந்தால் அது சுமார் 74 வாட்-அவர் (Wh). 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. மாத்திரைகள், நகை, பாஸ்போர்ட் எல்லாம் கையோடு இருக்கட்டும். மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு வையுங்கள். தூக்க மாத்திரை போன்ற சிலவற்றுக்குச் சிங்கப்பூரில் முன் அனுமதி வேண்டியிருக்கும், புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே மகளை விசாரிக்கச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் எதைப் பற்றியாவது சந்தேகம் இருந்தால், சுங்கத்தில் காட்ட ஒன்றுமில்லாதவர்கள் போகும் பச்சை வழியில் போகாமல் சிவப்பு வழியில் போய் அதிகாரியிடம் காட்டிவிடுங்கள். தமிழிலேயே கேட்கலாம், தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று.