பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் வயர்களைச் செருகிப் பார்க்கும் பலகை) ஓடும் ஆர்டுயினோ (புரோகிராம் ஏற்றக்கூடிய சிறு மின்னணுப் பலகை) சர்க்யூட்டை வீட்டிலேயே பிசிபி (செம்புத் தடங்கள் பதித்த நிரந்தரப் பலகை) ஆக்க முடியுமா?

முடியும். நான்கு வருடமாக எங்கள் வீட்டு மொட்டை மாடியில் செய்துவருகிறேன்.

ஒற்றைப் பக்க காப்பர் கிளாட் போர்டை (ஒரு பக்கம் செம்பு ஒட்டிய பலகை) ஸ்டீல் நாரால் பளபளவென்று தேய்த்துக்கொள்ளுங்கள். சர்க்யூட்டின் தடங்களை, அதாவது மின்சாரம் ஓட வேண்டிய கோடுகளை, வரைந்த வரைபடத்தை வழவழப்பான தாளில் லேசர் பிரிண்டரில் அச்செடுத்து, செம்பின்மேல் கவிழ்த்து வைத்து, நன்றாகச் சூடேறிய அயர்ன் பாக்ஸால் ஐந்து நிமிடம் அழுத்துங்கள். டோனர் ஒரு பிளாஸ்டிக் தூள், உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். இங்க்ஜெட் மை உதவாது. தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்த பிறகு, பிளாஸ்டிக் தட்டில் செம்பைக் கரைக்கும் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலை ஊற்றி, கையுறையோடு போர்டை ஆட்டிக்கொண்டிருந்தால் டோனர் மூடாத செம்பு கரைந்துபோகும். அடிப்பக்கத் தடத்தை மென்பொருளில் தெரிகிறபடியே அச்செடுங்கள். கவிழ்த்து ஒட்டும்போது தானாகத் திரும்பிவிடும். ஐசி (சிப்) கால்களுக்கு 0.8 மி.மீ. துளை போதும்.

இதெல்லாம் இரண்டாவது போர்டிலேயே கைக்கு வந்துவிடும். எனக்கு அதிக நாள் பிடித்தது கிரவுண்டை, அதாவது மின்னோட்டம் அடாப்டருக்குத் திரும்பும் பொது வழியை, புரிந்துகொள்ளத்தான்.

மாடித் தோட்டத்துக்கு ஒரு கருவி செய்தேன். மண் காய்ந்தால் 12 வோல்ட் சொலினாய்டு வால்வு (மின்சாரத்தால் இயங்கும் தண்ணீர் வால்வு) திறக்க வேண்டும். ஆர்டுயினோ ஊனோ போர்டிலிருந்து கழற்றிய ஏடிமெகா328பி சிப், 5 வோல்ட் தர ஒரு 7805, வால்வை இயக்க டிஐபி122 டிரான்சிஸ்டர், வால்வின் குறுக்கே 1என்4007 டையோடு. பிரெட்போர்டில் ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. போர்டில் ஏற்றிய அன்று மாலையே வால்வு டக் டக்கென்று திறந்து மூட ஆரம்பித்தது. புரோகிராமைச் சந்தேகித்தேன், சென்சாரை மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை.

கடைசியில் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, அடாப்டரின் கிரவுண்டுக்கும் ஐசியின் கிரவுண்டுக்கும் இடையே அளந்தேன். வால்வு மூடியிருந்தால் பூஜ்யத்தை ஒட்டி இருந்தது, திறந்தால் ஏறக்குறைய 40. நான் வரைந்த கிரவுண்ட் தடம் அரை மி.மீ. அகலம், 10 செ.மீ. நீளம். 35 மைக்ரான் செம்பில் அதன் மின்தடை 0.1 ஓம். வால்வின் 0.4 ஆம்பியர் முழுவதும் அந்த வழியாகத்தான் திரும்பியது, ஐசியும் அதே தடத்தில் நின்றது. ஏடிமெகா 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்துப் படிக்கிறது, ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். ஆக, வால்வு திறந்ததும் ஐசியின் கிரவுண்ட் 40 மில்லிவோல்ட் உயர, சென்சார் அளவு எட்டுப் படி இறங்கி, மண் நனைந்துவிட்டதுபோல் தெரிந்திருக்கிறது. மூடியதும் மறுபடி காய்ந்த மண். பிரெட்போர்டில் வால்வுக்குத் தனி வயர் போட்டிருந்ததால் இது வெளியே தெரியவே இல்லை.

புதிதாக வரைந்தபோது முதலில் கிரவுண்டைத்தான் வரைந்தேன். வால்வுக்கு 3 மி.மீ. அகலத்தில் தனித் தடம், ஐசிக்கும் சென்சாருக்கும் இன்னொன்று, இரண்டும் அடாப்டர் வந்து சேரும் இடத்தில் மட்டும் சந்திக்கும். ஏடிமெகாவின் 7, 8ஆம் கால்களை ஒட்டி ஒரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) கெபாசிட்டர். திறக்கும் அளவையும் மூடும் அளவையும் புரோகிராமில் முப்பது படி தள்ளியும் வைத்தேன். மூன்று கோடை தாண்டி அந்த போர்டு இன்னும் ஓடுகிறது. நீங்களும் மற்ற தடங்களுக்கு முன் கிரவுண்டை வரைந்துவிடுங்கள்.

பழைய ஃபெர்ரிக் குளோரைடைச் சாக்கடையிலோ செடியிலோ ஊற்றாதீர்கள், கரைந்த செம்பு அதில் இருக்கிறது. நான் பிளாஸ்டிக் பாட்டிலில் மூடிவைத்து அடுத்த போர்டுக்கும் அதையே எடுக்கிறேன்.