படிப்பு பிடிக்கிறது, பள்ளிக்கூடம்தான் பிடிக்கவில்லை

தம்பி, பிளஸ் ஒன் படிக்கிற நீ எழுதியதையும் மறுநாள் உன் அப்பா தனியாக எழுதியதையும் ஒன்றாக வைத்துத்தான் படித்தேன். "பத்தாவது வரைக்கும் பிசிக்ஸ்னா எனக்கு உயிர், இப்ப புத்தகத்தைத் தொறந்தாலே தூக்கம் வருது, எனக்கு மூளை மழுங்கிடுச்சா சார்" என்று கேட்டிருக்கிறாய். அப்பாவோ, "நல்லா படிச்ச பையன், கவனம் போயிடுச்சு, நீங்க கொஞ்சம் மோட்டிவேஷன் குடுங்க" என்கிறார். மோட்டிவேஷன் என்னிடம் இல்லை. ஆண்டு விழாவுக்கு வந்து மைக்கைப் பிடித்துக் கத்துகிறவர்களிடம் அது மூட்டை மூட்டையாக இருக்கிறது, ஆனால் மறுநாள் காலை ஏழரை மணி ஸ்பெஷல் கிளாஸ் வரைக்கும்கூட அது தாங்குவதில்லை.

உன் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. காலை ஏழரைக்கு உள்ளே போய் இரவு எட்டுக்கு வெளியே வருகிறாய். நடுவில் ரெண்டு ஸ்லிப் டெஸ்ட், தப்பாக எழுதிய ஒன் வேர்டுக்குப் பத்து முறை இம்போசிஷன், புக் பேக் கேள்வியைத் தவிர வேறு எதைக் கேட்டாலும் "அது பப்ளிக்ல வராது, உட்காரு". இதில் தூக்கம் வராவிட்டால்தான் ஆச்சரியம். இந்த மாதிரி இடங்களை ஊரே பிராய்லர் கோழிப் பண்ணை என்று கிண்டல் பண்ணும், கிண்டல் பண்ணிக்கொண்டே தன் பிள்ளையையும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

நீ எழுதியதில் ஒரு இடத்தில் மட்டும் உன் குரல் மாறியிருந்தது. ப்ரொஜெக்டைல், அதாவது எறிந்த பொருள் எப்படிப் போகிறது என்ற பாடம் நடத்தும்போது, 30 டிகிரியில் எறிந்தாலும் 60 டிகிரியில் எறிந்தாலும் பந்து ஒரே தூரத்தில்தான் விழுமா, எப்படி சார் என்று எழுந்து கேட்டாயே, அந்த இடம். டெரிவேஷனை அப்படியே எழுது, அஞ்சு மார்க் வரும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். சரி, இப்போது ஒரு பேப்பரை எடு. ரேஞ்சுக்கான, அதாவது பந்து போய் விழும் தூரத்துக்கான ஃபார்முலாவில் வருவது சைன் 2 தீட்டா, தீட்டா என்பது எறிகிற கோணம். 30-ஐ இரண்டால் பெருக்கினால் 60, 60-ஐ இரண்டால் பெருக்கினால் 120. சைன் 60-க்கும் சைன் 120-க்கும் மதிப்பு ஒன்றுதான். இதே மாதிரி 20-க்கு ஜோடி 70, 40-க்கு ஜோடி 50, கூட்டினால் 90 வருகிற எல்லா ஜோடியும் அப்படித்தான். இது முடிந்ததும் அடுத்த கேள்வி தானாக வரும்: நிஜத்தில் காற்று தடுக்குமே, அப்போதும் 45 டிகிரியில்தான் அதிக தூரம் போகுமா? போகாது, கோணம் குறையும். எவ்வளவு குறையும் என்பதைப் பேனாவால் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் நேரத்தை 0.01 செகண்டு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் வேகத்தையும் இடத்தையும் கணக்குப் போட்டுக்கொண்டே போகிற மாதிரி பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் முப்பது வரி எழுதினால் உன் அண்ணனின் பழைய லேப்டாப்பே சொல்லிவிடும். 

இதைப் படிக்கும்போது தூக்கம் வந்ததா? வந்திருக்காது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ஆர்வம் எங்கேயும் போகவில்லை, அதற்கு வேலை கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அதற்காகப் பள்ளியை உதறிவிட்டு வா என்று சொல்ல மாட்டேன். கோபத்தில் பிளஸ் டூவைக் கோட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், நஷ்டம் பள்ளிக்கு இல்லை. நீ போக நினைக்கிற பொறியியல் கலந்தாய்வில் கட் ஆஃப் 200-க்கு. கணக்கு 100, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் ஆளுக்கு 50, எல்லாமே பிளஸ் டூ மார்க்கிலிருந்து. நீ விழுந்து விழுந்து படிக்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க் இந்த 200-க்குள் வரவே வராது, தமிழும் ஆங்கிலமும் வராது. அவற்றை விட்டுவிடு என்று அர்த்தமில்லை, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் என்பதை இனிமேல் பயத்தை வைத்து முடிவு பண்ணாதே என்றுதான் சொல்கிறேன். கொஸ்டின் பேப்பரும் ஒன்றும் மர்மம் இல்லை. பிசிக்ஸ் எழுத்துத் தேர்வு 70 மார்க்: ஒன் வேர்ட் 15, ரெண்டு மார்க் ஆறு, மூணு மார்க் ஆறு, அஞ்சு மார்க் ஐந்து. பழைய கேள்வித்தாள் நாலைந்து எடுத்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார், அப்புறம் திறந்து திருத்து. ஐந்து தடவை வாசிப்பதைவிட இது சீக்கிரம் முடியும், ஸ்டடி ஹவரில் ஒரு மணி நேரமாவது மிச்சமாகும். அந்த ஒரு மணி நேரம் உன்னுடையது, கையில் புத்தகம் திறந்திருக்கும் வரைக்கும் எந்தப் பக்கத்தைப் படிக்கிறாய் என்று யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை.

வகுப்பில் கேள்வி கேட்கிற விஷயத்தில் ஒன்று. உன் பிசிக்ஸ் சார் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. எத்தனை சென்டம் வாங்கிக் கொடுத்தார் என்பதை வைத்துத்தான் அவருக்கே மரியாதை, போர்ஷன் முடியவில்லை என்றால் அவருக்கும் மேலே ஒருவர் திட்டக் காத்திருக்கிறார். அறுபது பேருக்கு நடுவில் எழுந்து கேட்டால் அவருக்கு நீ இடைஞ்சல். அதே கேள்வியை ஒரு தாளில் எழுதி, உனக்குத் தெரிந்த வரைக்கும் போட்டுப் பார்த்து, மதியம் ஸ்டாஃப் ரூமில் போய் நீட்டு. முகம் மாறுவதை நீயே பார்ப்பாய். மாறாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, வேறு ஆளைத் தேடலாம்.

வேறு ஆள் என்று சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது, உன் கெமிஸ்ட்ரி சார் ராமானுஜன் கதை சொன்னதாக எழுதியிருந்தாய். எல்லோரும் அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள்: கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்ற பாடங்களில் கோட்டை விட்டு உதவித்தொகை போனது, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தேறவில்லை, அப்புறமும் மேதை ஆனார், கைதட்டுங்கள். நடுவில் அவர் என்ன செய்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆள் ஆளாகப் போய்க் காட்டினார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயர் அப்போது திருக்கோவிலூரில் துணை கலெக்டர், அவரிடம் போனார். அவர் சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் பார்த்தார். 1911-ல் அந்தக் கழகத்தின் இதழில் முதல் கட்டுரை வந்தது. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில்தான் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம். அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. பரீட்சையில் தோற்றாலும் பரவாயில்லை என்பதற்கு இது உதாரணம் இல்லை, பரீட்சையில் தோற்றது அவருக்கு நிறைய வருஷங்களைத் தின்றது. தனியாக உட்கார்ந்து போட்ட கணக்கைப் புரிந்துகொள்கிற ஆளிடம் கொண்டுபோய்க் காட்டினார், அதை மட்டும் நீ எடுத்துக்கொள்.

உனக்குக் கலெக்டர் வேண்டாம். தெருவில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிற அக்காவோ, உன் பழைய பத்தாம் வகுப்பு சயின்ஸ் டீச்சரோ போதும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி நேரம், அந்த ப்ரொஜெக்டைல் புரோகிராமில் ஆரம்பி. மாதத்துக்கு ஒரு சின்ன வேலை முடித்தால் போதும். முடித்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக் காட்டு: என்ன கேள்வி, என்ன செய்தேன், எங்கே மாட்டிக்கொண்டேன். இப்போது நீ எப்படி இருக்கிறாய் என்பதைச் சொல்ல உன்னிடம் இருப்பது ரேங்க் லிஸ்ட் ஒன்றுதான். அதில் 14-ல் இருந்து 22-க்குப் போனதும் "நான் முட்டாள்" என்று முடிவுக்கு வந்துவிட்டாய். அளக்க இன்னொன்றும் கையில் இருந்தால் அந்த 22 இவ்வளவு வலிக்காது.

அப்புறம், அரையாண்டுக்கு முன்னாலேயே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய், சாதாரணமாக. இது சாதாரணம் இல்லை. பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு ரெண்டு வருஷமும் பிளஸ் டூவையே உருட்டுகிற பழக்கத்தை நிறுத்தத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு போய்விட்டது, பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது உண்மை, பழைய பழக்கம் திரும்பி வர வழி கிடைத்ததும் உண்மை. உன் கட் ஆஃபுக்கு பிளஸ் ஒன் மார்க் தேவையில்லை. ஆனால் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில்தான் லிமிட், டிஃபரன்ஷியேஷன், இன்டகிரேஷன் எல்லாம் முதன்முதலாக வருகிறது. அதைத் தாண்டிப் போனவர்கள்தான் கல்லூரி முதல் செமஸ்டரில் கணக்கு அரியர் வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள். ஜேஇஇ, நீட் ரெண்டிலும் இரண்டு வருஷப் பாடமும் உண்டு. பள்ளி நடத்தவில்லை என்றால் நீயே நடத்திக்கொள், பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உன் "சொந்த" நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலும் அது வீண் இல்லை.

இந்தப் பள்ளியின் மதிப்பெண் பட்டியல்தான் உலகத்துக்கே வாசல் என்றும் நினைக்காதே. சிறுசேரியில் இருக்கிற சென்னை கணிதவியல் கழகம் தன் நுழைவுத் தேர்வை வைத்து ஆள் எடுக்கிறது, அதில் மனப்பாடம் செல்லாது, யோசித்தால்தான் விடை வரும். ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கு ஐஏடி என்ற தனி நுழைவுத் தேர்வு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்புக்கு ஜேஇஇ வேண்டாம், நான்கு வாரப் பாடத்தைப் படித்து அவர்கள் வைக்கிற தகுதித் தேர்வில் தேறினால் போதும், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. உன் கேள்விகளைப் பார்த்தால் நீ கணிதவியல் கழகத்தின் பழைய கேள்வித்தாளை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. முதல் தடவை ஒன்றுகூடப் போட வராமல் போகலாம், பயப்படாதே, அது அப்படித்தான் இருக்கும்.

"சில நாள் ராத்திரி எதுவுமே வேண்டாம்போல இருக்கு" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். அதை நான் தாண்டிப் போகவில்லை. அப்பாவிடம் அதை இன்றைக்கே சொல். சொல்ல வாய் வரவில்லை என்றால் இந்தப் பத்தியைக் காட்டு. 14416-க்குக் கூப்பிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் ஆலோசகர்கள் பேசுவார்கள், 104-லும் பேசலாம், பள்ளி மாணவர்களுக்கென்றே 14417 இருக்கிறது. காசு கிடையாது. படிப்பு விஷயம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இனி அப்பாவுக்கு. ஐயா, கடன் வாங்கி ஃபீஸ் கட்டியிருக்கிறீர்கள், அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை, பெரிய விஷயம். ஆனால் போனைப் பிடுங்கியபோது லேப்டாப்பையும் சேர்த்துப் பூட்டி வைத்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அதைக் கொடுங்கள், ஹாலில் உட்கார்ந்தே செய்யட்டும், முடித்ததும் என்ன செய்தாய் என்று கேளுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும்போது போன மாதத்தோடு ஒப்பிடுங்கள், பக்கத்து வீட்டுப் பையனை இழுக்காதீர்கள். பள்ளி மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வருஷ நடுவில் வேண்டாம். பிளஸ் ஒன் முடியட்டும், அப்போதும் பையன் இதே நிலையில் இருந்தால் டி.சி. வாங்கிக்கொண்டு பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியிலேயே பிளஸ் டூ சேர்க்கலாம், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் இதை இப்போதே அந்தப் பள்ளி அலுவலகத்தில் வாய் விடாதீர்கள்.

மகள் எட்டாவது, அரசுப் பள்ளியில் படிக்கிறாள், அவளையும் ஒன்பதாவதில் இங்கேயே கொண்டுவந்துவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டவே வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவத்துக்கும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய். இடையில் மாற்றினால் இதெல்லாம் கையை விட்டுப் போகும். அதைவிட இந்த வருஷம் அவளை என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுத வையுங்கள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம், தேர்வானால் ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை வருஷம் 12,000 ரூபாய், அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கிறவர்களுக்கு மட்டும். வருமானச் சான்றிதழை இப்போதே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள், கடைசி நாளில் இ-சேவை மையத்தில் கூட்டம் அலைமோதும்.